"ஆவியோடும் உண்மையோடும்" தொழுவது என்றால் ஞாயிறு ஆராதனையில் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

பனையோலை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு ஆராதனை முறையைத் திருத்தி எழுதித் தரும்படி சபைக் கமிட்டி மூன்று பேரிடம் கேட்டிருக்கிறது. அதில் நானும் ஒருவன். சுமார் 120 பேர் கூடும் சபை. மொத்தம் 90 நிமிடம். இப்போது பாட்டுக்கு மட்டும் 40 நிமிடம் போகிறது. வேதவாசிப்பு ஒரே பகுதி, அதுவும் ஐந்தாறு வசனம். பெரியவர்கள் கீர்த்தனையும் பாமாலையும் வேண்டும் என்கிறார்கள், வாலிபர்கள் புதுப் பாடல் வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார், "பாட்டு ஆராதனை ஆகாது, வாழ்க்கைதான் ஆராதனை" என்று சொல்லிப் பேச்சையே முடித்துவிடுகிறார்கள். அது சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை எதற்காகக் கூடுகிறோம்?

உண்மையான ஆராதனை என்று வேதம் எதைச் சொல்கிறது, அதை வைத்து 90 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது, பாட்டு எப்படித் தெரிந்தெடுப்பது, வழக்கமாக எங்கே தவறுகிறது? பொதுவான அறிவுரை வேண்டாம். கமிட்டியில் எடுத்து வைக்கிற மாதிரி திட்டமாகச் சொல்லுங்கள்.


மணிக்கூண்டு:

சகோ. பனையோலை, முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். பாதிச் சண்டை அங்கேயே இருக்கிறது.

நம் வேதாகமத்தில் "தொழுதுகொள்ளுதல்", "ஆராதனை" என்று இரண்டு சொல் வருகிறது. பின்னால் இருக்கும் மூலச் சொற்களும் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று எபிரெயத்தில் ஷாகா, கிரேக்கத்தில் புரொஸ்குனேயோ. தரையில் பணிந்து விழுவது என்று பொருள். கிரேக்கச் சொல்லின் வேரில் முத்தமிடுதலும் இருக்கிறது. இன்னொன்று எபிரெயத்தில் அவோதா, கிரேக்கத்தில் லத்ரேயா. இதற்கு ஊழியம், வேலை என்று பொருள். யாத்திராகமம் 1ஆம் அதிகாரத்தில் சாந்தும் செங்கலும் சுமந்து எகிப்தில் செய்த அடிமை வேலைக்கும் இதே வேர்ச்சொல், 7:16இல் "எனக்கு ஆராதனைசெய்ய என் ஜனங்களை அனுப்பிவிடு" என்று பார்வோனிடம் சொல்வதற்கும் இதே வேர்ச்சொல். யாருக்கு உழைக்கிறோம் என்பதுதான் அந்தப் புத்தகம் முழுக்க நடக்கிற வழக்கு.

ஆக, உடல் பணிகிற ஒரு நேரமும் உண்டு, நாள் முழுக்கச் செய்கிற வேலையும் உண்டு. பாட்டு நேரத்தை மட்டும் ஆராதனை என்று அழைப்பவர்கள் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். வாழ்க்கைதான் ஆராதனை என்பவர்கள் முதலாவதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது யோவான் 4. "ஆவியோடு" என்றால் உணர்ச்சி பொங்க, "உண்மையோடு" என்றால் உபதேசம் சுத்தமாக என்று பிரித்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த இடத்தில் உரையாடல் அதைப் பற்றியது அல்ல. சமாரிய ஸ்திரீ கேட்டது இடத்தைப் பற்றி: இந்த மலையிலா, எருசலேமிலா? அவள் காட்டிய கெரிசீம் மலைமேல் இருந்த ஆலயத்தை கிமு 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத அதிபதி யோவான் ஹிர்க்கானு இடித்துவிட்டார். இடிபாட்டின் அடிவாரத்தில் நின்றுதான் அவள் கேட்கிறாள். எருசலேம் ஆலயமும் கிபி 70இல் விழப்போகிறது. இயேசு இடத்துக்குப் பதில் ஒரு ஆளைக் காட்டுகிறார். 4:24இல் "உண்மை" என்று நம் மொழிபெயர்ப்பில் வருவதும், 14:6இல் "நானே வழியும் சத்தியமும்" என்று வருவதும் கிரேக்கத்தில் ஒரே சொல். தமிழில் இரண்டு சொல்லாகப் போனதால் இந்தத் தொடர்பு நம் கண்ணில் படுவதில்லை. ஆவி என்பதும் 3ஆம் அதிகாரத்திலும் 7:39இலும் பேசப்படுகிற பரிசுத்த ஆவியானவர்தான். கிறிஸ்துவைக் கொண்டு, ஆவியானவரால், பிதாவைத் தொழுவது. கட்டடமும் இசையும் அந்த வேலையைச் செய்ய முடியாது.

ரோமர் 12:1ஐயும் கவனியுங்கள். "சரீரங்களை" என்று பன்மை, "ஜீவபலியாக" என்று ஒருமை. பலருடைய உடல்கள் சேர்ந்து ஒரே பலி. தனித்தனியாக வீட்டில் நல்லவனாக இருந்துவிட்டால் ஆராதனை முடிந்தது என்று வாசிக்க அந்த வசனம் இடம் கொடுக்கவில்லை. அதற்கு அடுத்து வருவது என்ன? சபையில் ஒருவருக்கொருவர் அவயவம், குறைவுள்ளவர்களுக்கு உதவி, அந்நியரை உபசரிப்பது, தாழ்ந்தவர்களோடு இணங்குவது, 13ஆம் அதிகாரத்தில் வரி கட்டுவது வரைக்கும். "புத்தியுள்ள ஆராதனை" என்று பவுல் பேர் வைத்தது இத்தனைக்கும் சேர்த்து.

வாழ்க்கையும் தொழுகையும் பிரிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஆமோஸ் போதும். 5ஆம் அதிகாரத்தில் பாட்டுகளின் இரைச்சலை அகற்றச் சொல்கிற தேவன், பாட்டில் சுருதி சேரவில்லை என்று சொல்லவில்லை. காரணம் 8:5-6இல் இருக்கிறது. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று அந்த வியாபாரிகள் காத்திருக்கிறார்கள். அளக்கிற மரக்காலைச் சிறிதாக்கி, நிறைக்கல்லைப் பெரிதாக்கி, தானியத்தோடு பதரையும் சேர்த்து ஏழைக்கு விற்கிறார்கள். ஆராதனைக்குத் தவறாமல் வந்தவர்கள்தான் இவர்கள்.

மத்தேயு 5:23-24ம் இதே தடத்தில் போகிறது. பலிபீடத்தண்டை வந்த பிறகு, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. கலிலேயாவிலிருந்து எருசலேமுக்கு நடந்து போக மூன்று நாலு நாள் ஆகும். அந்தத் தூரத்தை வைத்து அந்தக் கட்டளையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

"அப்படியானால் ஞாயிறு எதற்கு?" தேவன் பேசுவதைச் சேர்ந்து கேட்கவும், சேர்ந்து பதில் சொல்லவும். கமிட்டிக்கு இந்த ஒரு அளவுகோலைக் கொடுங்கள்: நிகழ்ச்சியில் உள்ள ஒவ்வொரு பகுதியின் பக்கத்திலும் "தேவன் பேசுகிறார்" அல்லது "ஜனம் பதில் சொல்கிறது" என்று எழுதிப் பாருங்கள். எதையும் எழுத முடியாமல் போகிற பகுதி எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று கூட்டுங்கள். உங்கள் 90 நிமிடத்தில் தேவன் பேசுகிற பங்கு இப்போது ஐந்தாறு வசனமும் பிரசங்கமும் மட்டும்தான்.


சுருதிப்பெட்டி:

மணிக்கூண்டு ஐயா போட்ட அஸ்திவாரத்தின்மேல் நிமிடக் கணக்கைச் சொல்கிறேன்.

கிபி 150ஐ ஒட்டி ரோமில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதிய விளக்கத்தில் ஞாயிறு கூடுகையின் வரிசை தெளிவாக இருக்கிறது: அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்தோ நேரம் இடம் கொடுக்கும்வரை வாசிக்கப்படும், நடத்துபவர் புத்தி சொல்வார், எல்லாரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள், அப்பமும் ரசமும், ஜனங்கள் ஆமென் சொல்வார்கள், வராதவர்களுக்கு உதவிக்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், காணிக்கை அநாதை, விதவை, நோயாளி, சிறைப்பட்டவர், அந்நியருக்குப் போகும். இன்றைக்கும் இந்த எலும்புக்கூடு அப்படியே பொருந்தும்.

திருவிருந்து (அப்பமும் ரசமும்) இல்லாத ஞாயிறுக்கு: வேதவசன அழைப்பும் முதல் பாட்டும் 6 நிமிடம். பாவ அறிக்கையும் மன்னிப்பின் வாக்குத்தத்தமும் 6. துதிப் பாடல்கள் 14. பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் சேர்த்து 12. பிரசங்கம் 25. விசுவாசப் பிரமாணம் 2. மன்றாட்டு ஜெபம் 10. காணிக்கையும் ஒரு பாட்டும் 6. அறிவிப்பு 3. முடிவுப் பாட்டும் ஆசீர்வாதமும் 5. கூட்டினால் 89. திருவிருந்து உள்ள ஞாயிறில் 120 பேருக்கு 20 நிமிடம் கூடுதலாக வேண்டும். பிரசங்கத்தை 15க்குக் குறைத்து, துதிப் பாடல் இரண்டைத் திருவிருந்து எடுக்கிற நேரத்துக்கு நகர்த்திவிட்டால் இடிக்காது.

பாவ அறிக்கையில் ஒரு முழு நிமிடம் அமைதி விடுங்கள். பத்து விநாடியிலேயே நடத்துபவருக்குப் பதற்றம் வந்து பேச ஆரம்பித்துவிடுவார். கையில் கடிகாரத்தைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடம் கீபோர்டு நிற்கட்டும்.

வேதவாசிப்பு. 25, 30 வசனம் உள்ள ஒரு அதிகாரம் நிதானமாக வாசித்தால் நாலைந்து நிமிடம்தான். வாசிப்பவருக்குப் பகுதியைப் புதன்கிழமையே கொடுத்துவிடுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் வாக்கியம் நீளம், சொற்கள் புணர்ந்து வரும். மேடையேறி முதல்முறை பார்த்தால் தவறான இடத்தில் மூச்சு விட்டு அர்த்தமே மாறிப்போகும். பென்சிலால் மூச்சு விடும் இடத்தில் ஒரு கோடு போட்டு, வீட்டில் மூன்று தரம் சத்தமாக வாசித்துவிட்டு வரட்டும். நெகேமியா 8:8இல் லேவியர் செய்தது இதுதான்: தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, விளங்கப்பண்ணினார்கள். சங்கீதத்தை நடத்துபவர் ஒரு வசனம், சபை ஒரு வசனம் என்று மாறி மாறி வாசித்தால் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை முதல் எல்லாருக்கும் வாயில் வேலை கிடைக்கும்.

பாட்டுக்கு வருவோம். கீர்த்தனையா புதுப் பாடலா என்ற கேள்வியை இந்த இரண்டு கேள்வியாக மாற்றிவிடுங்கள்: பாட்டு என்ன சொல்கிறது? சபையால் பாட முடிகிறதா?

முதலாவதற்கு, கடந்த எட்டு ஞாயிறு பாடிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள்: தேவன் செய்த செயல் ஏதாவது பெயர் சொல்லிப் பாடப்படுகிறதா? சிலுவை, உயிர்த்தெழுதல் இருக்கிறதா? மனந்திரும்புதல்? துக்கம்? பிறனைப் பற்றி ஒரு வரியாவது? "நான், எனக்கு, என்னை" மட்டுமா, "நாம்" எங்கேயாவது வருகிறதா? கொலோசெயர் 3:16இன்படி பாட்டு ஒருவருக்கொருவர் போதிக்கிற, புத்தி சொல்கிற வேலையையும் செய்கிறது. ஜனங்கள் வாரம் முழுக்க முணுமுணுப்பது பிரசங்கத்தை அல்ல, பாட்டைத்தான். அந்தத் தாளில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதை நிரப்புகிற பாட்டு பழசோ புதுசோ, அதை எடுங்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் விவாதித்தால் கடைசியில் சத்தம் கூடியவர் பக்கம்தான் தீர்ப்பு போகும்.

இரண்டாவதற்கு, சுருதி. பயிற்சி இல்லாத சபை வசதியாகப் பாடும் எல்லை, பெண் குரலுக்கு நடு 'சி'க்குக் கீழே உள்ள 'ஏ'யிலிருந்து, நடு 'சி'க்கு ஒரு ஸ்தாயிக்கு மேலே உள்ள 'டி' வரை. ஆண்கள் இதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். ஒலிப்பதிவில் கேட்ட சுருதியிலேயே மேடையில் எடுப்பதுதான் வழக்கமான தவறு. பதிவில் பாடியவர் பயிற்சி பெற்றவர், அவர் எட்டுகிற உச்சியைச் சபை எட்டாது. கீர்த்தனையில் இன்னொரு சிக்கல் உண்டு. பல்லவி கீழே நிற்கும், சரணத்தில் மேல் ஸ்தாயிக்கு ஏறும். பல்லவியை மட்டும் பாடிப் பார்த்துச் சுருதி வைத்தால் சரணத்தில் ஜனம் வாயை மூடிக்கொள்ளும். சரணத்தின் உச்ச ஸ்வரத்தை முதலில் பாருங்கள். அது 'டி'யைத் தாண்டினால் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்குங்கள்.

மேற்கத்திய மெட்டில் அமைந்த பாட்டுகளில் தமிழ் குறில் நெடில் அடிபடுவதையும் கவனிக்க வேண்டும். குறில் எழுத்தின்மேல் நீண்ட ஸ்வரம் விழுந்தால் "பலி" என்பது "பாலி" ஆகிவிடும். நடத்துபவர் அந்த இடத்தில் அடுத்த எழுத்துக்குச் சீக்கிரம் நகர்ந்தால் சொல் பிழைக்கும்.

புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும். முதல் வாரம் பாடகர் குழு ஒருதரம் பாட, இரண்டாம் சரணத்திலிருந்து சபை சேரட்டும். அதையே தொடர்ந்து மூன்று வாரம் பாடுங்கள். நாலாம் வாரம் திரை இல்லாமலேயே பாதிப் பேர் பாடுவார்கள். திரையில் நாலு வரிக்கு மேல் வேண்டாம். அடுத்த பக்கத்தைக் கடைசி வார்த்தை பாடும்போதே மாற்ற வேண்டும். பாடி முடித்தபின் மாற்றினால் ஒவ்வொரு சரணத்தின் முதல் வார்த்தையும் காணாமல் போகும்.

ஒலி. சபை நடுப் பெஞ்சில் கைபேசி ஒலி அளவியை வைத்துப் பாருங்கள். கைபேசி துல்லியமாகக் காட்டாது என்றாலும் 80க்கும் 85 டெசிபலுக்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளலாம். தொழிற்கூடங்களுக்கான காதுப் பாதுகாப்புக் கணக்கில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 100இல் 15 நிமிடம். கைக்குழந்தைகள் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நினைவில் வையுங்கள். சத்தம் எங்கே ஏறுகிறது என்றால், டிரம் அடிப்பவர் ஏற்ற, பாடகருக்குத் தன் குரல் கேட்காமல் மானிட்டரை (மேடையில் அவர் பக்கம் திரும்பிய ஸ்பீக்கரை) ஏற்ற, ஃபீட்பேக் வர, மிக்சரில் இருப்பவர் மற்றதை ஏற்றுவார். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். மேடையில் டிரம்மை இறக்கினால் எல்லாம் இறங்கும். பக்கத்தில் நிற்பவரின் குரல் கேட்காத சபையில் யாரும் வாய்விட்டுப் பாடமாட்டார்கள், ஏனென்றால் தன் குரலும் அவருக்குக் கேட்காது. ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டின் கடைசிச் சரணத்தை இசைக்கருவி இல்லாமல், நடத்துபவர் மைக்கை விட்டு ஓரடி பின்னால் போய், சபையை மட்டும் பாட விடுங்கள். உண்மை நிலவரம் அந்த நேரத்தில் தெரிந்துவிடும்.

ஒரே வரியைப் பத்துத் தரம், பதினைந்து தரம் திரும்பப் பாடுவதை நிறுத்தினால் எட்டு நிமிடம் மிச்சமாகும்.


பனையோலை:

இருவருக்கும் மிக்க நன்றி. நிமிடக் கணக்கை அப்படியே கமிட்டிக்கு எடுத்துப்போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். "பாட்டு நேரத்தில்தான் பிரசன்னம் இறங்குகிறது, அதைக் குறைக்கக் கூடாது" என்று சங்கீதம் 22:3ஐக் காட்டுகிறார்கள். என்ன பதில் சொல்வது? அடுத்தது, துக்கத்தோடு வருகிறவர்கள், எதையும் உணர முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் பாடாவிட்டால் அது ஆராதனை இல்லையா?


தாழ்வாரம்:

தம்பி, உங்கள் இரண்டு கேள்விக்கும் அதே சங்கீதத்தில் பதில் இருக்கிறது. "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்" என்ற வசனத்துக்கு முன்னால் இருப்பது, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" பகலில் கூப்பிடுகிறேன், பதில் இல்லை, இரவிலும் அமைதல் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் மூன்றாம் வசனத்துக்கு வருகிறார். பிரசன்னத்தை உணராதவர் பாடிய பாட்டு அது. துதித்தால் தேவன் இறங்குவார் என்ற சூத்திரத்தை அங்கிருந்து எடுக்க முடியாது. "துதிகளுக்குள் வாசமாயிருக்கிற" என்ற இடத்தில் எபிரெயச் சொல், அரசர் அரியணையில் வீற்றிருப்பதையும் குறிக்கும். அவர் அரசர், ஆகவே துதிக்கிறோம். நாம் துதிப்பதால் அவர் அரசராகிறதில்லை.

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடு. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம், அதற்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கிறது. 88ஆம் சங்கீதம் துதியில் போய் முடியவே இல்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் "இருள்". அதையும் ஆலயத்தில் பாடும்படி, ஆலயப் பாடகர்களான கோராகின் புத்திரரின் தொகுப்பில் வைத்திருக்கிறார்கள். தேவனிடம் போய் அழுவதும் தொழுகைதான். அவரைவிட்டுப் போய் அழாமல் அவரிடமே வந்து அழுகிறார்களே, அதில் விசுவாசம் இருக்கிறது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். மாதம் ஒரு ஞாயிறு, மாறி மாறி வாசிக்கும் சங்கீதமாக ஒரு முறையீட்டுச் சங்கீதத்தை வையுங்கள். சபையில் மரணம் நடந்த வாரம் என்றால் அந்த வாரமே வையுங்கள். முதல் பாட்டுக்கு முன் "எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறீர்களா? சத்தமாக அல்லேலூயா சொல்லுங்கள்" என்று மைக்கில் கேட்பதை நிறுத்துங்கள். நாற்பதாம் நாள் முடியாத விதவை இரண்டாம் வரிசையில் இருப்பார். கையைத் தூக்கு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லு என்று கட்டளையிடுவதும் அப்படித்தான். உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்திருக்கட்டும், மற்ற குரல்கள் அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். சேர்ந்து பாடுவதன் பயன் அது.

மன்றாட்டு ஜெபத்தில் நோயாளிகளின் பெயரைச் சொல்லுமுன் வீட்டாரிடம் சம்மதம் கேளுங்கள். நோயின் விவரம் வேண்டாம், பெயர் போதும். ஆறு பொருளுக்கு மேல் எடுக்காதீர்கள். 1 தீமோத்தேயு 2:1-2இன்படி அதிகாரத்தில் உள்ளவர்களுக்கும் ஒன்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு பொருளுக்குப் பிறகும் "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேளும்" என்று சபை சொல்லட்டும். 1 கொரிந்தியர் 14:16இல் பவுல் கேட்கிறது இதுதான்: நீ சொல்வது விளங்காவிட்டால் கல்லாதவன் எப்படி ஆமென் சொல்லுவான்? ஒருவரே பத்து நிமிடம் மூச்சு விடாமல் ஜெபித்தால் மூன்றாம் நிமிடத்தில் கேட்பவர் மனம் வேறெங்கோ போய்விடும்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாழ்க்கைதான் ஆராதனை என்பவர்களிடம், திங்கள் முதல் சனி வரை அது எந்த நேரத்தில் நடக்கிறது என்று அன்பாகக் கேளுங்கள். குடும்ப ஜெபத்துக்கு 15 நிமிடம் போதும். நாளுக்கு ஒரு சங்கீதம், சுவிசேஷத்தில் ஒரு பத்தி, பிள்ளைகளில் ஒருவர் வாசிக்க, ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கர்த்தருடைய ஜெபம். நாளுக்கு ஒன்று என்றால் ஆறு மாதத்துக்குள் சங்கீதப் புத்தகம் முடிந்துவிடும். 119ஐ மட்டும் அதன் 22 பகுதிகளாக, எட்டெட்டு வசனமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது ஏன் நின்றுபோகிறது என்றால், அப்பா அதைச் சின்னப் பிரசங்கமாக ஆக்கிவிடுவார். சாப்பாட்டுக்கு முன் வைத்தால் பசி, பத்து மணிக்கு வைத்தால் தூக்கம். சாப்பிட்டுத் தட்டு எடுக்குமுன் அதே இடத்தில் உட்கார்ந்தபடி வைத்தால் நிலைக்கும்.


கடலோரம்:

எல்லாம் சரி. ஆனால் சுருதிப்பெட்டி அண்ணன் திரும்பப் பாடுவதை ஒரே அடியாக நிறுத்தச் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. 136ஆம் சங்கீதத்தில் 26 வசனம், 26லும் "அவர் கிருபை என்றுமுள்ளது". ஆனால் அங்கே ஒவ்வொரு தரமும் முன்பாதி நகர்கிறது: வானம், பூமி, எகிப்து, செங்கடல், வனாந்தரம், கடைசியில் மாம்சதேகமான யாவுக்கும் ஆகாரம். கதை நகர்ந்தால் திரும்பச் சொல்லலாம். நடத்துபவர் ஒரு வசனம் சொல்ல, சபை அந்த ஒரே வரியைப் பாட, திரையே தேவைப்படாது. வாசிக்கத் தெரியாதவர்களும் முழுமையாகச் சேர முடியும். இதை மறுக்க வேண்டாம்.

யாரும் தொடாத இடம் காணிக்கையும் திருவிருந்தும். ஆராதனை பொய்யாகிப்போவது பெரும்பாலும் பாட்டில் அல்ல, இங்கேதான்.

பிறந்தநாள், திருமணநாள் ஸ்தோத்திரக் காணிக்கையைப் பெயரோடும் தொகையோடும் வாசிக்கிற வழக்கம் இருந்தால் தொகையை எடுத்துவிடுங்கள். மத்தேயு 6:1-4 இதற்கு நேராகவே பேசுகிறது. "500 ரூபாய்" என்று வாசித்ததற்கு அடுத்து "20 ரூபாய்" என்று வாசித்தால், அந்த இருபதுக்காரர் அடுத்த வருஷம் கொடுக்கவே கூசுவார். மாற்கு 12இல் இரண்டு காசு போட்ட விதவையை எல்லாரும் பிரசங்கிக்கிறோம். அதற்கு முந்தின வசனம், 12:40, விதவைகளின் வீடுகளைப் பட்சித்து நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றியது. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தை ஆசீர்வாதம் சொல்லி முடித்தபின் வெளியே பந்தலில் வையுங்கள். ஒரு பூசணிக்காய்க்கு இரண்டு குடும்பம் போட்டி போட்டு விலை ஏற்றுகிற காட்சி பலிபீடத்துக்கு முன்னால் நடக்க வேண்டாம். காணிக்கையில் ஏழைகளுக்கு என்று ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி, அது எவ்வளவு, எங்கே போனது என்று மாதம் ஒருமுறை தாளில் ஒட்டுங்கள். எபிரெயர் 13:15இல் உதடுகளின் ஸ்தோத்திரபலி, 13:16இல் நன்மை செய்வதும் தானதர்மமும். இரண்டையும் பலி என்றே எழுதியிருக்கிறது.

திருவிருந்து. கொரிந்து சபையில் பவுல் கண்டித்தது ரசத்தின் தரத்தை அல்ல. வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட, ஒருவன் பசியாயிருக்க, ஒருவன் வெறியாயிருந்தான் (1 கொரிந்தியர் 11:21). நம் மண்ணில் இது சாதியாக வந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே முற்றிலும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் விலகிப்போனார்கள். அங்கே இடித்தது ஒன்றாக உட்காருவதும் ஒரே பாத்திரத்தில் பருகுவதும்தான். ஆராதனை முறையைத் திருத்துகிற கமிட்டி, யார் முன்பெஞ்சில் உட்காருகிறார்கள், யாரிடம் வாசிப்பு கொடுக்கப்படுகிறது, யார் பாத்திரம் பிடிக்கிறார்கள், கல்லறைத் தோட்டத்தில் இடம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். பாட்டுக் கணக்கைவிட இது கடினமான தாள். ஆனால் ஆமோஸ் கேட்கிற தாள் இதுதான்.

1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் வெளியிட்ட திருவிருந்து முறைமையில் சமாதானத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கொடுக்கும்படி வைத்தது. சுரியானித் திருச்சபைகளின் வழக்கத்திலிருந்து எடுத்தது. அது காணிக்கைக்கு முன்னால் வருகிறது. மத்தேயு 5:23-24இன் வரிசையும் அதுவே. இப்போது பல இடங்களில் அது பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரருக்குக் கைகூப்புவதோடு முடிந்துவிடுகிறது. திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின வாரமே அறிவித்து, மனஸ்தாபம் உள்ளவர்கள் அந்த ஆறு நாளில் போய்ப் பேசும்படி சொல்லுங்கள். ஆயரோ மூப்பரோ கூடப் போகத் தயாராக இருக்கட்டும். பெஞ்சில் உட்கார்ந்த இடத்தில் ஒரு நிமிடத்தில் தீருகிற காரியம் அல்ல அது.


சுருதிப்பெட்டி:

136ஐப் பற்றிச் சொன்னது சரி, என் வரியைத் திருத்திக்கொள்கிறேன். முன்பாதி நகராத திரும்பல்தான் குறைய வேண்டும். இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: படுக்கையில் இருப்பவர்களுக்குத் திருவிருந்து அதே ஞாயிறு பிற்பகலில் போய்ச் சேர வேண்டும், மாதக் கடைசியில் மொத்தமாக அல்ல. இரண்டு பேர் போகட்டும், அன்றைக்கு ஆலயத்தில் வாசித்த சுவிசேஷத்தையே அங்கேயும் வாசிக்கட்டும், அன்றைக்குப் பாடிய ஒரு பாட்டின் பல்லவியையாவது பாடட்டும். 120 பேர் கூடும் சபையில் அப்படி ஏழெட்டு வீடு இருக்கும். பட்டியலை முதலில் எழுதிவிட்டு 90 நிமிட அட்டவணையை அதற்குப் பிறகு எடுங்கள்.


பனையோலை:

பட்டியல் எடுத்துவிட்டோம், ஒன்பது வீடு. அட்டவணையையும் எட்டு வாரப் பாட்டுத் தாளையும் இந்த வியாழக்கிழமை கூட்டத்தில் வைக்கிறோம். கடலோரம் அண்ணன் சொன்ன மற்ற தாளையும் சேர்த்தே வைக்கிறோம்.